டோக்கியோவில் ஜப்பானிய–பிரெஞ்சு உணவகம்: அம்மா சைவம், அப்பாவுக்கு மாடு, பன்றி ஆகாது. முன்பதிவு செய்யும்போது என்ன எழுதணும்?

குறிஞ்சிமலர்

எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல் முதல் வாரம் அப்பா, அம்மா, நான், என் கணவர் நாலு பேரும் டோக்கியோ போறோம். அப்பா அம்மாவோட 35வது கல்யாண நாள் அங்கதான் வருது. அன்னிக்கு ராத்திரி ஒரு நல்ல ஜப்பானிய–பிரெஞ்சு உணவகத்துல உட்கார்ந்து நிதானமா சாப்பிடணும்னு ஆசை.

அம்மா சைவம். முட்டை, பால், வெண்ணெய் சேத்துக்குவாங்க, மீன் வாடை மட்டும் ஆகவே ஆகாது. அப்பா மீன், கோழி சாப்பிடுவார், மாடும் பன்றியும் கூடாது. ரெண்டு பேரும் மது தொட மாட்டாங்க. நானும் கணவரும் எல்லாம் சாப்பிடுவோம்.

இந்த மாதிரி இடங்கள்ல மெனுவே கிடையாது, அவங்க குடுக்கிறதுதான்னு படிச்சேன். அப்போ "சைவம்"னு ஒரு வார்த்தை எழுதினா போதுமா? எத்தனை நாள் முன்னாடி பதிவு பண்ணணும்? நாலு பேருக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்? மது இல்லாம சாப்பிட்டா அந்தச் சாப்பாட்டுல பாதிதான் கிடைக்கும்னு சொல்றாங்களே, அது உண்மையா?

---

ஷிபுயாவாசி

முதல் கேள்விக்குப் பதில்: போதாது. "பெஜிடேரியன்"னு மட்டும் எழுதினா இறைச்சியையும் மீன் துண்டையும் எடுத்துடுவாங்க. மீன் போட்ட தாஷி அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம். தாஷின்னா அவங்களோட அடிப்படைச் சாறு. நமக்குப் புளித்தண்ணி மாதிரி, எந்தப் பாத்திரத்துல இருக்கும்னே சொல்ல முடியாது. வழக்கமான தாஷியில கட்ஸுஓபுஷி போடுவாங்க. சூரை மீனை அவிச்சு, புகை போட்டு, கட்டை மாதிரி காயவெச்சுச் சீவினது. நம்ம மாசிக்கருவாட்டுக்குக் கூடப்பிறந்தது. அதனால பேரைச் சொல்லாம, பொருளைச் சொல்லுங்க.

அதுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு. பல இடங்கள் தங்கள் தளத்துலயே "சைவம் செய்ய இயலாது"ன்னு எழுதி வெச்சிருப்பாங்க. குறிப்பா எட்டுப் பத்து இருக்கை மட்டும் உள்ள கவுண்டர் கடைகள். எல்லாருக்கும் ஒரே நேரத்துல ஒரே தட்டு போற அமைப்பு அது. அங்க கெஞ்சிப் பயனில்லை, அவங்க மேல தப்பும் இல்லை. மேசை போட்டுப் பரிமாறுற, சைவக் கோர்ஸ் (வரிசையா வர்ற பல தட்டுச் சாப்பாடு) தனியா உண்டுன்னு எழுதியிருக்கிற இடமாப் பார்த்து ஆரம்பிங்க.

பேர் பெற்ற ஒரு தட்டை மனசுல வெச்சுக்கிட்டுப் போறதுலயும் கவனம் வேணும். நிஷி-அஸாபுவுல லெஃபர்வெஸான்ஸ்னு ஒரு உணவகம், சமையல் தலைமை ஷினோபு நமாயே. மிஷ்லின் உணவக வழிகாட்டியோட 2021 பதிப்புல மூணு நட்சத்திரம் வாங்கின இடம். அவங்களோட அடையாளமே ஒரு டர்னிப் கிழங்குதான். முழுசா 4 மணி நேரம் மெதுவா வேகவெச்சு, வெட்டி, வெண்ணெயில முகம் சிவக்க வாட்டிக் குடுப்பாங்க. கேட்டா சைவம் மாதிரி இருக்கு. ஆனா வழக்கமா அது கூட பார்ஸ்லியும் பிரியோஷ் ரொட்டித் துகளும் பன்றித்தொடை ஹாமும் சேர்ந்துதான் வரும். அம்மாவுக்கும் ஆகாது, அப்பாவுக்கும் ஆகாது. முன்னாடியே சொன்னா எந்தச் சமையல்காரரும் ஹாமை விட்டுடுவார். தட்டு மேசைக்கு வந்த பிறகு சொன்னா அதை எடுத்துட்டுப் போய் மறுபடி ஆரம்பிக்கணும், மத்த மூணு பேரும் காத்திருக்கணும்.

பதிவு பெரும்பாலும் 1 அல்லது 2 மாசம் முன்னாடி திறக்கும், சில இடங்கள்ல மாசத்துல குறிப்பிட்ட ஒரு நாள் காலையில மொத்தமாத் திறப்பாங்க. ஏப்ரல் முதல் வாரம் சகுரா (செர்ரிப்பூ) நேரம், ஊரே நிறைஞ்சிருக்கும். டேபிள்செக், ஒமகாஸே, பாக்கெட் கான்சியர்ஜ் மாதிரி தளங்கள்ல அட்டை எண் குடுத்துப் பதிவு பண்றதுதான் வழக்கம். தங்குற ஹோட்டல்ல வரவேற்பு மேசை ஆட்களைப் பேசச் சொல்றதும் நல்ல வழி. ஜப்பானிய மொழியிலயே உணவுக் கட்டுப்பாட்டை விளக்கிடுவாங்க.

ரத்து விதியை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படிங்க. அன்னிக்கே ரத்து பண்ணா 100 சதவீதம் பிடிக்கிறது சகஜம், சில இடங்கள்ல 3 நாள் முன்னாடியிலிருந்தே அப்படித்தான். நாலு பேர்னு சொல்லிட்டு மூணு பேர் போனாலும் நாலாவது ஆள் கோர்ஸுக்குக் காசு உண்டு.

பணத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுறேன். இரவுக் கோர்ஸ் ஆளுக்கு 30,000 யென்னு வைங்க, நாலு பேருக்கு 1,20,000. உங்க கணவருக்கு மட்டும் மதுப் பெயரிங் (ஒவ்வொரு தட்டுக்கும் பொருத்தமா வர்ற பானம்) 15,000. மத்த மூணு பேருக்கு மதுவில்லாப் பெயரிங் ஆளுக்கு 9,000, ஆக 27,000. கூட்டினா 1,62,000. சேவைக் கட்டணம் 10 சதவீதம் 16,200. ரெண்டும் சேர்ந்த 1,78,200 மேல நுகர்வு வரி 10 சதவீதம் 17,820. மொத்தம் 1,96,020 யென். விலைப் பட்டியல்ல "ஸெய்கோமி"ன்னு இருந்தா வரி உள்ள சேர்ந்திருக்கு, "ஸெய்பெட்ஸு"ன்னா தனி. சேவைக் கட்டணமும் அப்படித்தான், சில இடத்துல 12 அல்லது 15 சதவீதம் கூட உண்டு. டிப்ஸ் கிடையாது, மேசையில வெச்சுட்டு வந்தா பின்னாடியே ஓடிவந்து திருப்பிக் குடுப்பாங்க.

செலவு கைமீறுதுன்னா மதியம் போங்க. அதே அடுப்பு, அதே கை, விலை பல இடங்கள்ல பாதிக்குப் பக்கம்தான். வயசானவங்களுக்கு மூணு மணி நேரச் சாப்பாடு மதியம்னா செரிக்கவும் நேரம் கிடைக்கும்.

---

குசினிக்காரன்_பாரிஸ்

தங்கச்சி, ஷிபுயாவாசி தாஷியைப் பற்றி நல்லாச் சொல்லிட்டார். ஆனா அது பாதிதான். மற்றப் பாதி பிரெஞ்சுப் பக்கத்தில இருக்கு. அங்கதான் அப்பாவுக்கும் வில்லங்கம்.

பிரெஞ்சுக் குசினியில சோஸுக்கு அடித்தளம் ஃபோன் த வோ. கன்றுக்குட்டி எலும்பை அவணில வறுத்து, காய்கறியோட 8, 10 மணித்தியாலம் மெல்ல வேகவிட்டு வடிச்ச சாறு. அதை வத்த வைச்சா தேன் மாதிரி வரும். இது மாட்டிறைச்சித் தட்டில மட்டும் இருக்கும் எண்டு நினைக்கக் கூடாது. கோழிக்கு ஊத்துற சோஸிலயும் ஒரு கரண்டி போகும், சிவப்பு வைன் சோஸ் போட்ட மீனுக்கும் போகும். ஆகவே அப்பாவுக்கு "மாட்டிறைச்சி சாப்பிடமாட்டார்" எண்டு எழுதினா இறைச்சியை மாத்துவினம், சோஸை மாத்த வேணும் எண்டு அவையளுக்குத் தோணாமல் போகலாம். "மாடு, கன்று எலும்புச் சாறும் கூடாது, கோழி எலும்புச் சாறு பரவாயில்லை" எண்டு பிரிச்சு எழுதுங்கோ. கொன்ஸொமே எண்ட தெளிஞ்ச சூப்பும் அப்பிடித்தான். முட்டை வெள்ளையும் அரைச்ச இறைச்சியும் போட்டுத்தான் அதைத் தெளிய வைக்கிறது. பாக்கேக்க தண்ணி மாதிரி இருக்கும், உள்ளுக்க மாடு இருக்கும்.

அடுத்தது ஜெலட்டின். பவாருவா, மூஸ், ஜெலே எண்ட இனிப்புகள், சில ஐஸ்கிறீம் எல்லாத்திலயும் வரும். பன்றித் தோலில இருந்தோ மாட்டில இருந்தோ எடுக்கிறது. ஜப்பான்காரருக்குக் கன்தென் எண்ட கடற்பாசிச் சரக்கு கைக்குள்ளயே இருக்கு, நீங்கள் சொன்னா அதில செய்வினம். ஆனா கன்தென் வேற விதமா இறுகும். ஜெலட்டின் வாயில உருகும், கன்தென் வெட்டுப்பட்டு உடையும். அதாலதான் ஒரு இனிப்பை அப்பிடியே மாத்த ஏலாது, புதுசா யோசிக்க வேணும். இதுக்கெல்லாம் நாள் குடுக்கோணும்.

பல சீஸில பாலைத் திரைய வைக்கிற ரெனெட் இருக்கு, அது கன்றுக்குட்டி வயித்தில இருந்து வாறதா இருக்கலாம். அம்மா அந்தளவுக்குப் பாக்கிறவவோ எண்டு கேட்டு வையுங்கோ. ஃபுவாக்ரா வாத்தின்ர ஈரல். அப்பா கோழி சாப்பிடுவார் எண்டபடியால் இதுவும் ஓமெண்டு எடுத்துப் போடுவினம். பிடிக்காட்டி அதையும் எழுதுங்கோ.

மது தொடமாட்டினம் எண்டதையும் விளக்கமா எழுத வேணும். குடிக்கிறதில்லையா, சமையலில சேர்த்தாலும் கூடாதா? மிரினும் (இனிப்பான அரிசி மது) சாக்கேயும் (அரிசி மது) வைனும் இல்லாமல் இந்தச் சமையலில சோஸ் குறைவு. அடுப்பில வைச்சா முழுக்கப் பறந்திடும் எண்டு சனம் சொல்லுறது சரியில்லை, கொஞ்சம் நிக்கும்.

இனி, மரக்கறிக்காரருக்கு நல்லதாச் செய்ய ஏலுமோ எண்டா, ஏலும். வடிவாச் செய்யலாம். கொம்பு எண்ட கடற்பாசியில குளுட்டமேட் இருக்கு, 1908இல இகெதா எண்ட பேராசிரியர் அதைக் கண்டுபிடிச்சு, அந்த ருசிக்கு உமாமி எண்டு பேர் வைச்சவர். கட்ஸுஓபுஷியில இருக்கிறது இனோஸினேட். ரெண்டும் சேர்ந்தா ருசி கூட்டலா வராது, பெருக்கலா வரும். மீனை எடுத்திட்டா அந்தப் பெருக்கல் போயிடும். அதுக்குப் பதில் காய்ஞ்ச ஷீட்டாக்கே காளான். அதில குவானிலேட் இருக்கு, அதுவும் குளுட்டமேட்டோட சேர்ந்து அதே வேலையைச் செய்யும். பௌத்தக் கோயில் சமையலான ஷோஜின் ரியோரியில காலங்காலமா இந்தக் கொம்பு–ஷீட்டாக்கே தாஷிதான்.

அளவு சொல்லுறன். 1 லீற்றர் தண்ணிக்குக் கொம்பு 10 கிராம், 60 பாகையில (டிகிரி செல்சியஸ்) ஒரு மணித்தியாலம். கொதிக்க விட்டா வழுவழுப்பும் கைப்பும் இறங்கும். ஷீட்டாக்கே 20 கிராமைக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ள குளிர்தண்ணியில இரவு முழுக்க ஊற விடோணும். சுடுதண்ணியில அவசரமா ஊறவைச்சா மணம் வரும், ருசி குறைவா இருக்கும், கைப்பும் தட்டும். இதுதான் "அண்டைக்குச் சொன்னால் ஏலாது" எண்டதுக்கு நேர்க் காரணம். ஊறுறதுக்கே ஒரு இரவு வேணும்.

இதில ஒரு 200 மில்லிலீற்றரை 50க்கு வத்த வைச்சு, கொஞ்ச வினிகரும் பொடியா வெட்டின சின்ன வெங்காயமும் சேர்த்து, குளிர்ந்த பட்டர் 60 கிராமைத் துண்டு துண்டாப் போட்டு அடிச்சா பேர் ப்ளான் எண்ட பட்டர் சோஸ். கடைசியில வெள்ளை மிஸோ (புளிக்கவைச்ச சோயா விழுது) 8 கிராம். சூடு 45க்கும் 55க்கும் நடுவில நிக்கோணும். 60ஐத் தாண்டினா எண்ணெய் பிரியும், 30க்குக் கீழ போனா இறுகும். உப்பு போடவே தேவையில்லை. கொம்பிலயும் மிஸோவிலயும் உப்பு இருக்கு, வத்தேக்க அது கூடும். முதலே உப்புப் போட்டிட்டு வத்த வைக்கிறதுதான் பழகாத கை விடுற பிழை. வாட்டின டர்னிப், வெள்ளை அஸ்பராகஸ், மூங்கில் குருத்து எதுக்கு மேல ஊத்தினாலும் அம்மாவுக்கு ஒரு குறையும் தெரியாது.

சவன்முஷி எண்ட முட்டைக் கஸ்டர்டும் அம்மாவுக்கு நல்ல தட்டு. ஒரு முட்டைக்கு 150 மில்லிலீற்றர் தாஷி, 80, 85 பாகை ஆவி. 90 தாண்டினா இடியப்பச் சட்டி மாதிரி ஓட்டை ஓட்டையா வரும். வழக்கமா அதுக்குள்ள இறாலோ ஃபுவாக்ராவோ இருக்கும், தாஷி மீன் தாஷி. அதால "முட்டை ஓம்" எண்டு மட்டும் எழுதினா இது அப்பிடியே வந்து நிக்கும், கவனம்.

---

குறிஞ்சிமலர்

அண்ணா, இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்லை, ரொம்ப நன்றி. சோஸுக்குள்ள மாடு இருக்கும்னு நான் யோசிக்கவே இல்லை. ஷிபுயாவாசி சொன்ன மாதிரி சைவக் கோர்ஸ் உள்ள ரெண்டு இடம் பார்த்து வெச்சிருக்கேன்.

இன்னும் சில சந்தேகம். இந்த மெயிலை எப்படி எழுதுறது? அப்பாவுக்குக் காரம் இல்லாம இறங்காது, சின்ன டப்பாவுல ஊறுகாய் கொண்டு போகலாமான்னு கேக்கிறார். அம்மா புடவைதான் கட்டுவாங்க, சரிதானே? கத்தி, முள்கரண்டி ரெண்டு பேருக்குமே பழக்கம் இல்லை, இடக்கையால வாயில வைக்கிறது அம்மாவுக்குச் சங்கடம்.

---

ஷிபுயாவாசி

மெயில் ஆங்கிலத்துல சின்னச் சின்ன வரியா இருக்கட்டும், ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா. அதுக்குக் கீழ ஜப்பானிய வரிகளைச் சேத்துடுங்க. உச்சரிப்பு தர்றேன், எழுத்துல ஹோட்டல் ஆட்களை எழுதித் தரச் சொல்லுங்க. அம்மாவுக்கு: "நிகு, சகானா, கைருய், எபி, கனி, கட்ஸுஓ-தாஷி, ஸெராச்சின் வா தாபெராரெமாஸென். தமாகோ தோ ந்யூஸெய்ஹின் வா தாய்ஜோபு தெஸு." அதாவது இறைச்சி, மீன், சிப்பி வகை, இறால், நண்டு, சூரைத் தாஷி, ஜெலட்டின் சாப்பிட முடியாது. முட்டையும் பால் பொருளும் பரவாயில்லை. அப்பாவுக்கு: "க்யூனிகு, புதாநிகு, ஃபோன் த வோ, ஸெராச்சின் வா தாபெராரெமாஸென். சகானா தோ தோரிநிகு வா தாய்ஜோபு தெஸு." "பிடிக்காது"ன்னு எழுதாதீங்க, "சாப்பிட முடியாது"ன்னு எழுதுங்க. பிடிக்காதுங்கிறது விருப்பம், முடியாதுங்கிறது கட்டுப்பாடு. சமையலறை ரெண்டையும் வேற வேற மாதிரிதான் எடுத்துக்கும். மத வழக்கம்னு ஒரு வரி சேத்தா இன்னும் தெளிவு.

பதிவு பண்ணும்போது ஒரு தடவை, ஒரு வாரம் முன்னாடி ஒரு தடவை, உட்கார்ந்ததும் வாயால ஒரு தடவை. மூணு தடவை சொல்றது தொந்தரவுன்னு அவங்க நினைக்க மாட்டாங்க.

கல்யாண நாள்னும் எழுதுங்க. இனிப்புத் தட்டுல பேரைச் சாக்லேட்டால எழுதித் தருவாங்க, நிறைய இடத்துல இது உண்டு. பேரை எந்த எழுத்துல வேணும்னு நீங்களே எழுதி அனுப்பினா பிழை வராது.

புடவை அருமை, அதைவிட மரியாதையான உடை அங்க வேண்டியதில்லை. அப்பாவுக்கு முழுக்கைச் சட்டை, மூடின ஷூ. ஜாக்கெட் கட்டாயமான்னு அந்த உணவகத்து உடை விதியைப் பாருங்க. முக்கியமானது வாசனை. செண்ட், அத்தர், வாசனைத் தைலம் எதுவும் வேண்டாம், தலையில மல்லிகைப்பூவும் வேண்டாம். தாஷி, யூஸு எலுமிச்சைத் தோல், கினோமேங்கிற இளந்தளிர் எல்லாமே மூக்குக்குப் போற மெல்லிய வாசனை. பக்கத்து மேசைக்காரருக்கும் சேர்த்து அது கெட்டுப் போயிடும். வாசனையைக் காரணமா வெச்சு உள்ள விட மறுக்கிற இடமும் உண்டு.

ஊறுகாய் வேண்டாம். வெளி உணவு கொண்டுபோறது அங்க வழக்கமில்லை. அதோட ஒரு விஷயம்: அவங்க தெளிஞ்ச சூப்புல உப்பே சுமார் 0.8 சதவீதம்தான். மிளகாய் ஒரு தடவை நாக்குல ஏறிட்டா அடுத்த அரை மணி நேரம் அந்தச் சூப்பு வெந்நீர் மாதிரிதான் இருக்கும். அப்பாவுக்குக் காரம் வேணும்னா இறைச்சித் தட்டு வரும்போது யூஸு கோஷோ கேளுங்க. பச்சை மிளகாய், யூஸு தோல், உப்பு மூணையும் அரைச்சது, நம்ம நாக்குக்கு உடனே பிடிக்கும். அதுக்கு முன்னாடி வர்ற மெல்லிய தட்டுகள்ல கேக்காதீங்க.

கத்தி, முள்கரண்டி கவலையே வேண்டாம். இந்த வகை உணவகங்கள்ல சாப்பிடுற குச்சியும் கூடவே வெச்சிருப்பாங்க, இல்லாட்டி "ஓஹாஷி"ன்னு கேட்டாத் தருவாங்க. வலக்கையில கத்தி பிடிச்சு முதல்ல சின்னத் துண்டா வெட்டிக்கிட்டு, கத்தியைத் தட்டு ஓரத்துல வெச்சுட்டு, முள்கரண்டியை வலக்கைக்கு மாத்தி அம்மா சாப்பிடலாம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. நுனியில ஒரு பக்கம் வெட்டு விட்ட தட்டைக் கரண்டி ஒண்ணு இருக்கும், அது சோஸை வழிச்சு எடுக்க. ரொட்டியால துடைச்சுச் சாப்பிட்டாலும் சமையல்காரருக்குச் சந்தோஷம்தான்.

மூடி போட்ட அரக்குக் கிண்ணம் வந்தா மூடி சில சமயம் ஒட்டிக்கும். சூடு ஆறும்போது உள்ள காத்து சுருங்கிப் பிடிச்சிக்கிறதுதான் காரணம். மூடியைப் பலமா இழுத்தா சூப்பு மடியில. இடக்கையால கிண்ணத்து வாயை ரெண்டு பக்கமும் லேசா உள்நோக்கி அழுத்துங்க, ஒரு சின்னச் சத்தத்தோட காத்து உள்ள போகும், அப்புறம் வலக்கையால மூடி தானா வந்துடும். மூடியைத் திருப்பி வெச்சா உள்பக்கத்து நீர்த்துளி மேசையில சிந்தாது. அரக்குக் கிண்ணத்தைக் கையில எடுத்துக் குடிக்கலாம், பீங்கான் சூப்புத் தட்டைத் தூக்கக் கூடாது. குச்சியைச் சோத்துல நட்டு வைக்கிறதும், குச்சியிலிருந்து குச்சிக்கு உணவு மாத்துறதும் அங்க சாவுச் சடங்கோட சேர்ந்தது. அம்மா தட்டுலயிருந்து எடுத்துக் குடுக்கணும்னா தட்டையே நகர்த்துங்க.

ரொட்டி விஷயத்துல அப்பாவை மட்டும் கொஞ்சம் கட்டுப்படுத்துங்க. மினாமி-அஓயாமாவுல நரிசாவா மாதிரி இடத்துல ரொட்டி மாவு உங்க மேசை மேலயே பொங்கும், அப்புறம் கண் முன்னாடியே சூடான கல் கிண்ணத்துல வேகும். அதைப் பார்த்துட்டுச் சாப்பிடாம இருக்க முடியாது. ஆனா பின்னாடி எட்டு, பத்துத் தட்டு வரிசையா இருக்கு, சில இடத்துல இனிப்புக்கு முன்னாடி மண்சட்டிச் சோறும் வரும்.

---

கொழுந்துத்தேநீர்

மது இல்லாவிட்டால் பாதிதான் என்பது பழைய பேச்சு. பிரெஞ்சு உணவுக்கு வைன் அமிலம் தருகிறது, வெண்ணெயை நாக்கிலிருந்து கழுவுகிறது. அந்த வேலையைத் தேநீரின் துவர்ப்பும் புளிக்கவைத்த பழச்சாற்றின் அமிலமும் செய்யும். டோக்கியோவின் நல்ல உணவகங்கள் இதை இப்போது மிகுந்த அக்கறையோடு செய்கின்றன.

கியோகுரோ எனும் உயர்வகைப் பச்சைத் தேயிலையை 50 முதல் 60 பாகை நீரில் இரண்டு நிமிடம் ஊறவைத்து ஒரு மடக்கு அளவே தருவார்கள். அது தேநீரைவிடச் சாறு போல இருக்கும், கொம்பு தாஷியின் அதே உமாமி. அம்மாவின் காய்கறித் தட்டுகளோடு இழையும். ஹோஜிச்சா எனும் வறுத்த தேயிலையைக் கொதிநீரில் போடலாம். அதன் புகை மணம் அப்பாவின் கோழித்தோலின் மொறுமொறுப்புக்குப் பொருந்தும்.

இரண்டு எச்சரிக்கை. ஆறு கோப்பையும் பழச்சாறாக வந்தால் நான்காவது தட்டிலேயே திகட்டும், எனவே "இனிப்புக் குறைவாக" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கியோகுரோவிலும், வழக்கமான பச்சைத் தேநீரான செஞ்சாவிலும் காஃபீன் அதிகம். இரவு பத்து மணிக்குப் பெரியவர்கள் அதைக் குடித்தால் தூக்கம் போகும். கடைசி இரண்டு கோப்பைக்கு குரோமோஜி எனும் மரக்குச்சித் தேநீர் கேளுங்கள். காஃபீன் கிடையாது, மணம் அருமை.

உங்கள் கணவருக்கு ஒரு சொல்: பச்சை மீனோடும் சிப்பியோடும் சிவப்பு வைன் வேண்டாம். வைனில் உள்ள இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்து வாயில் கவுச்சி வாடையை எழுப்புகிறது. ஜப்பானிய ஆய்வாளர்களே 2009இல் இதைக் காட்டினார்கள். சாக்கேயில் இரும்பு மிகக் குறைவு. வெண்ணெய் சோஸ் தட்டுக்கு கிமோட்டோ அல்லது யமஹாய் வகைச் சாக்கே, அதன் லாக்டிக் அமிலம் வெண்ணெயோடு சண்டை போடாது. பெயரிங் என்றால் கோப்பைக்கு 60 முதல் 90 மில்லி, ஆறேழு கோப்பை சேர்ந்தால் சுமார் அரைப் போத்தலோ அதற்கு மேலோ ஆகும். பாதி அளவுப் பெயரிங் உண்டா என்று கேட்டுக்கொள்ளலாம்.

---

குசினிக்காரன்_பாரிஸ்

யூஸு கோஷோ விசயத்தில ஷிபுயாவாசியோட எனக்குக் கொஞ்சம் கருத்து வேற. இறைச்சித் தட்டு மட்டும் காத்திருக்கத் தேவையில்லை. பதிவு மெயிலிலயே "அப்பா காரத்துக்குப் பழகினவர்" எண்டு ஒரு வரி எழுதினா, தட்டை அமைக்கேக்கயே அதுக்கேத்த மாதிரி ஸன்ஷோ மிளகையோ வஸாபியையோ உள்ளுக்க வைப்பினம். பக்கத்தில வைச்சுத் தொட்டுச் சாப்பிடுறதைவிட அது நல்லா இருக்கும்.

ஏப்ரலில போறபடியால் ஃபுகினோதோ, தாரா மொட்டு மாதிரி மலைக்கீரை, குருத்துகள் வரும். அது கைக்கத்தான் வேணும், பிழையாச் சமைச்சதில்லை. பாகற்காயும் சுண்டைக்காயும் சாப்பிட்ட நாக்குக்கு அது சொந்தக்காரன்தான்.

இன்னொண்டு, அப்பாவுக்குச் சொல்லி வையுங்கோ. அமதாய் எண்ட மீன் வந்தா மேல செதில் அப்பிடியே நிக்கும். மீன் துப்பரவாக்கேல்லை எண்டு நினைச்சு அதைச் சுரண்டி ஒதுக்கி வைக்கிற ஆக்கள் இருக்கினம். செதிலைத்தான் முதல் சாப்பிடோணும். செதிலோட துண்டு போட்டு, ஈரத்தைத் துணியால ஒத்தி எடுத்து, 200 பாகைக்குக் கிட்டக் கொதிக்கிற எண்ணெயைக் கரண்டியால மேல ஊத்தேக்க ஒவ்வொரு செதிலும் தேவதாருக் காய் மாதிரி விரிஞ்சு எழும்பும். பிறகு அடியை மட்டும் மெல்ல வேக விடுறது. எண்ணெய் சூடு காணாட்டி, இல்லாட்டி ஈரம் நிண்டா, செதில் எழும்பாது, பிளாஸ்ரிக் மாதிரிப் பல்லில நிக்கும். சரியா வந்தது எண்டா அப்பளம் நொறுங்கிற சத்தம் கேக்கும். சோஸைப் பக்கத்தில ஊத்தியிருப்பினம், மேல ஊத்த வேண்டாம், ஒரு நிமிசத்தில நமுத்திடும். படம் எடுக்கிறதெண்டா மற்றத் தட்டை எடுங்கோ, இது வந்த உடன சாப்பிடுறது.

---

ஷிபுயாவாசி

காரத்தை மெயில்லயே எழுதுறது நல்ல யோசனை, குசினிக்காரர் சொல்றபடியே செய்யுங்க.

விட்டுப்போனது ரெண்டு. நேரத்துக்கு 5 நிமிஷம் முன்னாடி வாசல்ல இருங்க, அரை மணி முன்னாடி போய் நிக்கவும் வேண்டாம். தாமதம்னா ஹோட்டல் மூலமா உடனே போன். அப்புறம், மேசையிலேயே பில் தீர்த்துட்டுக் கிளம்பும்போது சமையல் தலைவரோ மேலாளரோ வாசல் வரைக்கும் வந்து நிப்பாங்க. "கொச்சிஸோஸாமா தெஷிதா"ன்னு (விருந்துக்கு நன்றி) சொல்லுங்க. அம்மாவையும் சொல்லச் சொல்லுங்க, தனித் தட்டு சமைச்சது அவங்களுக்காகத்தான். தெருமுனை திரும்புற வரைக்கும் அவங்க அங்கேயே நிக்கிறது உண்டு, ஒரு தடவை திரும்பித் தலைகுனிஞ்சுட்டு நடங்க.